வாலை மறந்த இப்னு ஃபிர்னாஸும் திருப்போரூரில் உயிர் பிழைத்த விமானியும்

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து கூடுவாஞ்சேரி வீடுகளில் மதிய உணவு நடந்துகொண்டிருந்த நேரம். பிற்பகல் 2.25 மணியளவில் இந்திய விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று தாம்பரத்துக்குத் தெற்கே, திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. வழக்கமான பயிற்சியில் ஈடுபட்டிருந்த பிலாட்டஸ் பி.சி.-7 மார்க் 2 வகை விமானம் அது. விமானி இருக்கையோடு வெளியேறி, பாராசூட்டின் துணையால் உயிர் தப்பினார். பொதுமக்களின் உடைமைகளுக்குச் சேதம் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை என்று விமானப்படை அறிவித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அதற்கு முந்தைய நாள்தான் சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 172 வகைப் பயிற்சி விமானம் ஒன்று, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலைப் பகுதியில் அவசரமாகத் தரையிறங்கியிருந்தது. அதில் இருந்தவர்களும் உயிர் பிழைத்தனர். சாலையின் நடுவே சிறிய வெள்ளை விமானம் நிற்கும் படம் அன்றே நம் கைபேசிகள் அனைத்திலும் சுற்றி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை என் தங்கை வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மகன் பிளஸ் டூ படிக்கிறான். கணிதமும் இயற்பியலும் எடுத்திருப்பதே விமானியாக வேண்டும் என்பதற்காகத்தான். “அண்ணே, அவன் அத்தா சரி என்று சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்பான்” என்றாள். அவள் அச்சத்தில் நியாயம் இருந்தது. அவன் ஆசையிலும் நியாயம் இருந்தது. உடனே எந்த விடையும் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதன்பின் பல நாள் படித்தும் யோசித்தும் நான் அவளுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் எழுந்திருக்கக்கூடும்.

குர்துபாவில் நடந்தது

பறத்தலின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் நம்மவர் நாவில் முதலில் வரும் பெயர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். இன்றைய ஸ்பெயின் நாட்டின் ரோண்டா பகுதியில் பிறந்து, அந்தலூஸின் தலைநகரான குர்துபாவில் அமீர்களின் அவையில் வாழ்ந்து, கி.பி. 887இல் மறைந்தவர். கவிஞர், வானியல் அறிந்தவர். கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டவர் என்றும், காலத்தை அளக்கும் கருவி செய்தவர் என்றும், இடியும் மின்னலும் தோன்றும் ஒரு வானறையைத் தம் வீட்டிலேயே அமைத்தவர் என்றும் நூல்கள் கூறுகின்றன. நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. குர்துபாவில் ஆற்றின் குறுக்கே அமைந்த பாலம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவர் பறந்த செய்தியை நமக்கு விரிவாகத் தருபவர் 1632இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மக்கரீ. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. ஆயினும் இப்னு ஃபிர்னாஸின் காலத்திலேயே வாழ்ந்த முஃமின் இப்னு ஸயீத் என்ற கவிஞர் இவரது பறத்தலைச் சுட்டி ஒரு வரி பாடியிருக்கிறார். அவர் இவருக்கு நண்பர் அல்லர்; போட்டியாளர். எனவே அவ்வூரில் அப்படி ஏதோ ஒன்று நடந்தது என்று ஆய்வாளர்கள் ஏற்கின்றனர்.

அல்மக்கரீ சொல்வது சுருக்கமானது. இப்னு ஃபிர்னாஸ் உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டார். இரு சிறகுகளை அமைத்துக்கொண்டார். உயரமான இடத்திலிருந்து காற்றில் பாய்ந்து கணிசமான தூரம் சென்றார். இறங்கும்போது முதுகில் பலத்த அடிபட்டது. பறவைகள் இறங்குகையில் வாலைப் பயன்படுத்துகின்றன என்பதை அவர் கவனிக்கவில்லை; தமக்கு வால் அமைக்க மறந்துவிட்டார்.

நம் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் வரும் இப்னு ஃபிர்னாஸைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவர் பத்து நிமிடம் பறந்தார் என்பார்கள். ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே வானை வென்றார் என்பார்கள். பத்து நிமிடம் என்பதற்குப் பழைய நூலில் ஆதாரம் இல்லை. நூலில் இருக்கின்ற முதுகடியும் மறந்த வாலும் நம் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவருடைய பெருமைக்கு அது இழுக்கு என்று எண்ணி விட்டுவிடுகிறோம் போலும். எனக்கோ அந்தச் சிறு குறிப்பே அவ்வரலாற்றின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. ஒருவர் விழுந்தார் என்று மட்டும் எழுதாமல், எதனால் விழுந்தார் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். உலகில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விமான விபத்துக் குறிப்புகளில் அதுவும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

எட்டாத பாடம்

அந்தக் குறிப்பு குர்துபாவைத் தாண்டிப் பயணம் செய்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்! இப்னு ஃபிர்னாஸ் மறைந்து நூறாண்டுக்குச் சற்றுப் பின்னர், குராசானின் நைஸாபூர் நகரில் இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்ஜவ்ஹரீ வாழ்ந்தார். அரபு மொழி படிப்போர் இன்றும் நன்றியோடு நினைக்கும் ‘அஸ்ஸிஹாஹ்’ அகராதியைத் தொகுத்த பேரறிஞர் அவர். மரத்தாலான இரு சிறகுகளைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலின் கூரையிலிருந்து பாய்ந்து உயிரிழந்தார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரி மடத்தில் எய்ல்மர் என்ற இளம் துறவி சிறகு கட்டிக் கோபுரத்திலிருந்து பாய்ந்தார். சுமார் 200 மீட்டர் சென்று விழுந்து இரு கால்களும் முறிந்தன. தாம் வால் பொருத்த மறந்ததே காரணம் என்று அவர் பின்னாளில் சொன்னதாக, அம்மடத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வில்லியம் எழுதிவைத்தார்.

குர்துபாவில் கற்ற பாடத்தை மால்ம்ஸ்பரியில் ஒருவர் தம் கால்களைக் கொடுத்து மீண்டும் கற்க வேண்டியிருந்தது. பாடத்தை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அன்று இல்லை.

அந்த ஏற்பாடு உருவானது வெகு பிற்காலத்தில். ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் சுமார் 2000 முறை சறுக்கு விமானங்களில் பறந்து, ஒவ்வொன்றையும் அளந்து எழுதினார். புகைப்படம் எடுக்கச் செய்தார். 1896 ஆகஸ்டில் விழுந்து இறந்தார். அவர் வெளியிட்ட அட்டவணைகளை அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் வாங்கிப் படித்தனர்; தங்கள் சோதனைகளோடு ஒத்துவராதபோது தாமே காற்றுச்சுரங்கம் அமைத்துத் திருத்தினர். 1903 டிசம்பர் 14 அன்று வில்பர் ரைட் முதன்முறை முயன்றபோது இயந்திரம் மூன்றரை விநாடி மட்டுமே காற்றில் இருந்தது. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டதால் வேகம் குன்றித் தரையில் மோதியது. பழுது பார்த்து, டிசம்பர் 17 அன்று நான்கு முறை பறந்தார்கள். நான்காவது முறை 59 விநாடி. அதன் முடிவிலும் தரையிறங்குகையில் முன்பக்கச் சட்டம் உடைந்தது. உலகம் கொண்டாடும் அந்த நாளும் ஒரு தரையிறங்கு பழுதோடுதான் முடிந்தது.

நம் ரயில் பாதையின் வரலாறு

கூடுவாஞ்சேரியில் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் கடந்து தாம்பரம் வரும். அதற்கு அப்பால் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். இந்தியாவில் பறத்தலின் வரலாறு இந்த நிலையங்களின் ஓரமாகவே நடந்திருக்கிறது.

பல்லாவரத்தில், 1910ஆம் ஆண்டு, சென்னையில் விடுதி நடத்திவந்த கோர்சிகாவைச் சேர்ந்த ஜாகோமோ டி’ஆஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தைக் கொண்டு தம் வடிவமைப்பில் கட்டுவித்த விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதித்தார். பின்னர் தீவுத்திடலில் மக்கள் கட்டணம் கொடுத்து வந்து பார்த்தனர். திரிசூலத்தில் இன்று பன்னாட்டு விமான நிலையம் இருக்கும் நிலத்தில், சென்னைப் பறக்கும் கழகம் 1930 முதல் இளைஞர்களுக்குச் சிறு விமானங்களில் பயிற்சி தந்தது.

குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1950களில் ராமேஸ்வரத்து மரைக்காயர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் விமானப் பொறியியல் படித்தார். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட இரு விமானங்களின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பார். விமானப்படையில் விமானியாகச் சேர டேராடூன் சென்றார். எட்டு இடங்கள், தேர்வுக்கு வந்தவர் 25 பேர், அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். அந்த அப்துல் கலாம் 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, புனே லோஹேகாவ் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். அதற்கு முன்பே, 2001 செப்டம்பர் 30 அன்று ராஞ்சியிலிருந்து பொகாரோ சென்ற ஹெலிகாப்டர், தரையிறங்கும் தறுவாயில் இயந்திரம் பழுதாகித் தரையில் மோதியது. அவரும் உடனிருந்தோரும் தப்பினர். அன்றைய நிகழ்ச்சியை ரத்து செய்யாமல் அவர் மாணவர்களைச் சந்திக்கப் போனார். அந்த விபத்தையும் மறைக்காமல் தம் நூலொன்றின் தொடக்கத்திலேயே எழுதினார்.

இனித் தாம்பரம். இங்குள்ள விமானப்படைத் தளத்தில் இயங்குவது பறத்தல் பயிற்றுநர் பள்ளி. 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு 1954இல் இங்கு வந்தது. பறக்கக் கற்றுக்கொடுப்போருக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி இது. நட்பு நாடுகளின் விமானிகளும் இங்கு வந்து பயில்கின்றனர். பயிற்றுவித்தல் ஒரு தனிக்கலை என்ற எண்ணம் முதல் உலகப் போர்க்காலத்தில், 1917இல், இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரியால் நிலைபெற்றது. அபாயமான நிலைகளை மாணவனிடமிருந்து ஒளிப்பதை அவர் நிறுத்தினார். ஆசிரியர் உடனிருக்க, அந்நிலைக்குள் வேண்டுமென்றே போய் மீண்டு வரும் வழியை மாணவன் தன் கையாலேயே பழக வேண்டும் என்றார்.

தரை தொடும் அந்தச் சில விநாடிகள்

சிறு விமானத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது தரையிறங்கும்போதுதான். செஸ்னா 172 போன்ற விமானம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும். தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் மாணவன் மூக்கை மெல்ல உயர்த்தி, வேகத்தைக் குறைத்து, பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொடும்படி செய்ய வேண்டும். சீக்கிரம் உயர்த்தினால் விமானம் மிதந்து மேலேறி, வேகமிழந்து தொப்பென்று விழும். தாமதித்தால் தரையில் மோதிப் பந்துபோல் எகிறும். எகிறிய பதற்றத்தில் மாணவன் மூக்கைக் கீழே அழுத்திவிட்டால் முன்சக்கரம் முதலில் அடிபடும். அடுத்த எகிறலில் அச்சக்கரம் முறியலாம், சுழலும் விசிறி தரையில் இடித்து வளையலாம். எகிறல் பெரிதாக இருந்தால் முழு ஆற்றலையும் கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்று வந்து மறுபடி இறங்க வேண்டும். மறுபடி சுற்றி வருவதை எந்த நல்ல ஆசிரியரும் தோல்வியாகக் கணக்கிடுவதில்லை.

மூக்கை உயர்த்த மாணவன் தன் முன்னே உள்ள பிடியை இழுக்கிறானே, அது அசைக்கும் பலகை எங்கே இருக்கிறது? விமானத்தின் வாலில்தான் இருக்கிறது. பறவை இறங்குகையில் வாலை விரித்துத் தாழ்த்தி, குறைந்த வேகத்திலும் உடலை நிலைநிறுத்துவது போலவே இதுவும். இப்னு ஃபிர்னாஸ் மறந்த அந்த உறுப்பைத்தான் ஒவ்வொரு மாணவனும் தன் கையால் உணர்ந்து பழகுகிறான்.

19 பேர் விட்டுச் சென்றது

மீண்டும் திருப்போரூருக்கு வருவோம். அந்த விமானி எப்படிப் பிழைத்தார் என்று என் தங்கை கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

பி.சி.-7 வருவதற்கு முன்பு நம் விமானப்படையின் தொடக்கப் பயிற்சி விமானம் ஹெச்.பி.டி.-32 தீபக். இயந்திரம் நடுவானில் நின்றுபோகும் கோளாறு அதைத் திரும்பத் திரும்பத் தொல்லைப்படுத்தியது. இருக்கையோடு வெளியேறும் வசதி அதில் இல்லை. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தனர். 2009 ஜூலையில் பயிற்றுநர் இருவர் மாண்டபின் அந்த விமானங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அதன் இடத்தில் 2013 முதல் பி.சி.-7 மார்க் 2 சேர்க்கப்பட்டது. அதில் வெளியேறும் இருக்கை உண்டு. நவம்பர் 14 அன்று திருப்போரூர் வானில் ஓர் உயிரைக் காத்தது அந்த இருக்கை. அந்த 19 வீடுகளின் கண்ணீரை எழுதிவைத்து, எண்ணிப் பார்த்து, காலம் கடந்தேனும் செயல்பட்டதன் விளைவு அது என்றே நான் கருதுகிறேன்.

அன்றே விசாரணைக்கும் உத்தரவிடப்பட்டது. விமானத் துறையில் விசாரணை என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. பொதுப் போக்குவரத்து விமானங்களைப் பொறுத்தவரை, பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி அதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மீண்டும் விபத்து நேராமல் தடுப்பது, யார்மீதும் பழி சுமத்துவது அதன் வேலை அன்று. பழிக்கு அஞ்சினால் மனிதன் உண்மையை ஒளிப்பான். ஒளித்த உண்மை அடுத்தவரைக் கொல்லும்.

இதை ஒரு பயிற்சிப் பள்ளியின் அளவில் எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு மாணவன் பலமாகத் தரையில் மோதி இறங்குகிறான். பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. திட்டு வாங்க நேருமே என்று சொல்லாமல் விடுகிறான். சக்கரத்தைத் தாங்கும் பகுதியில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். மாலையில் அதே விமானத்தில் வேறொரு தாயின் பிள்ளை ஏறுகிறான். அந்த மௌனம் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா? ‘தக்தீர்’ என்று ஒரு சொல்லால் காரணத்தை மூடிவிடுவதும் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்னும் நபிமொழியை நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம்.

என் தங்கைக்குச் சொன்னது

“வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அபாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன்” என்றேன். வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் பிள்ளை எந்தப் பள்ளியின் கையில் இருக்கப்போகிறான் என்பதே கேள்வி. எனவே கட்டணத்தைக் கேட்கும் முன் வேறு சிலவற்றைக் கேட்கச் சொன்னேன். மாணவன் பலமாக மோதி இறங்கினால் அந்த விமானத்தைப் பொறியாளர் சோதிக்காமல் மறுபடி பறக்க விடுவார்களா? தவற்றைத் தானே வந்து சொல்லும் மாணவனை என்ன செய்வார்கள்? கடந்த ஆண்டுகளில் நேர்ந்த விபத்துகளையும் அவற்றிலிருந்து மாற்றிக்கொண்டவற்றையும் வெளிப்படையாகச் சொல்வார்களா? ஆசிரியர் ஒரு நாளில் எத்தனை மாணவரோடு பறக்கிறார்? இவற்றுக்கு முகம் சுளிக்கும் பள்ளியின் வாசலிலிருந்து திரும்பிவிடுங்கள் என்றேன்.

பிறகு மருமகனைத் தனியே அழைத்தேன். இப்னு ஃபிர்னாஸின் கதை அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிடக் கதை. வாலைப் பற்றிச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தான். “மாமா, அவர் விழுந்ததை எங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. “நீ விழுந்தால் நீயாவது சொல்” என்றேன். “முதலில் உன் ஆசிரியரிடம் சொல். பிறகு உன் அம்மாவிடமும் சொல்.” அவன் தலையசைத்தான். கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை, முதலில் மருத்துவத் தகுதித் தேர்வுக்குப் போகட்டும், மற்றதைப் பிறகு பேசலாம் என்றாள். அவ்வளவுக்கு அவள் வந்ததே பெரிது.

இப்போதும் தாம்பரத்திலிருந்து பயிற்சி விமானங்கள் நம் கூரைகளுக்கு மேல் போகின்றன. அவற்றுள் இருப்போரும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகள். வல்ல அல்லாஹ் அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன்தரும் கல்வியையும், தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவையும், பத்திரமான இறக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.